ஊசி காத்ததா, உடல் காத்ததா?

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகு தழுவிய கொள்ளைநோய் என அறிவித்தது. 2023 மே திங்களில் அந்த அவசர நிலை நீங்கிற்று என்றும் அதே நிறுவனம் கூறியது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் நம் இல்லங்களில் அனைவரும் அஞ்சியது வீட்டிலுள்ள முதியோரைப் பற்றியே. மாண்டவருள் மிகப் பெரும் பகுதியினர் அவர்களாகவே இருந்தனர். அந்நாட்களில் ஒன்றுக்கொன்று முரணான இரு செய்திகள் ஒரே வேளையில் உலவின. ஆண்டுதோறும் போடப்படும் 'புளூ' காய்ச்சல் ஊசியைப் போட்டுக் கொண்ட முதியோரைக் கொரோனா அவ்வளவாகத் தாக்குவதில்லை என்பது ஒன்று. அந்த ஊசியே கொரோனாவை அழைத்து வருகிறது என்பது மற்றொன்று. இரண்டும் வெறும் வதந்திகள் அல்ல. இரண்டின் பின்னும் மருத்துவ இதழ்களில் வெளிவந்த ஆய்வுகள் இருந்தன.

முரண்பட்ட இரு முடிவுகள் எவ்வாறு பிறந்தன? இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், புளூ ஊசியின் நூறாண்டு வரலாற்றை நாம் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பெயரும் பிணியும்

'இன்புளுயன்ஸா' என்னும் சொல்லின் சுருக்கமே 'புளூ'. இச்சொல் 'அன்ஃபுல் அன்ஸா', அதாவது 'ஆட்டின் மூக்கு' என்னும் அரபுத் தொடரிலிருந்து பிறந்தது என்று நம்மவருள் சிலர் பெருமையோடு கூறுவதுண்டு. மூக்கொழுகும் நோய்க்கு இப்பெயர் பொருந்துவது போலவும் தோன்றும். ஆயினும் இது ஒலி ஒப்புமை கொண்டு பிற்காலத்தார் கட்டிய கதையேயாகும். சொல்லோ இத்தாலிய மொழிக்குரியது. விண்மீன்களின் 'ஆதிக்கம்' மனிதரைப் பிணியுறச் செய்கிறது என்று முன்னாள் மக்கள் எண்ணியதால் அந்நாட்டார் இப்பெயரை இட்டனர். 1743இல் இத்தாலியில் பரவிய காய்ச்சலின் வாயிலாக அது ஆங்கிலத்தில் நுழைந்தது. நமக்கு இனிக்கும் செய்தி என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இப்பாடத்தை ஒரு சொல்லின் வரலாறே நமக்குத் தருகிறது. ஊசியின் வரலாறும் இதையே கற்பிக்கிறது.

ராஸியின் இரு கூட்டம்

ஒரு மருந்து பயன் தந்ததா என்பதை எவ்வாறு அறிவது? நோயாளி மருந்துண்டான், பின் நலமடைந்தான் என்பது மட்டும் சான்றாகாது. மருந்தில்லாமலும் அவன் நலமடைந்திருக்கக் கூடும். ஆதலால் மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாக வேண்டும். இதனை ஆயிரமாண்டுகட்கு முன்பே உணர்ந்தவர் ரய் நகரத்து மருத்துவ மேதை அபூபக்ரு முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி. மூளையைப் பற்றும் 'ஸிர்ஸாம்' என்னும் நோயின் முன்னறிகுறிகள் கண்டோருள் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் வாங்கியதாகவும், முடிவு காண வேண்டும் என்னும் கருத்தோடு மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டதாகவும் அவர் 'அல்ஹாவீ' என்னும் தம் பெருநூலில் குறித்துள்ளார். அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில், மருந்தைச் சோதிக்கும் விதிகளைத் தொகுத்தார். ஒரு விளைவு இடைவிடாதோ பெரும்பாலுமோ நிகழ்தல் வேண்டும், அன்றேல் அது தற்செயலாய் நேர்ந்ததே என்பது அவற்றுள் ஒன்று.

எனினும் ஈண்டு நாம் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இரத்தம் வாங்கியது நலம் தந்தது என்பதே ராஸி கண்ட முடிவு. இக்கால மருத்துவம் அதனை ஏற்பதில்லை. வழி சரியாயிருந்தும் முடிவு பிழைத்தது எவ்வாறு? ஒப்பிடப்படும் இரு கூட்டத்தாரும் வயதிலும் வலிவிலும் நோயின் கடுமையிலும் ஒத்திருந்தாலன்றி, கண்ட வேறுபாடு மருந்தினால் வந்ததா, ஆட்களின் வேறுபாட்டினால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. இந்நுட்பம் தெளிவுற வரையறுக்கப்பட மேலும் ஆயிரமாண்டுகள் சென்றன. 1915இல் ஆங்கில நாட்டின் கிரீன்வுட், யூல் என்னும் இருவர் காலரா, டைபாய்டு ஊசிகளின் கணக்குகளை ஆராய்ந்து சில நிபந்தனைகளை வகுத்தனர். ஊசி போட்டவரும் போடாதவரும் எல்லா வகையிலும் ஒத்தவராயிருத்தல் வேண்டும். நோய்க்கு ஆட்படும் வாய்ப்பும் இரு சாராருக்கும் சமமாயிருத்தல் வேண்டும். இவையே அவற்றுள் தலையாயவை.

1918இல் நேர்ந்தது

மூன்றாண்டுகளில் இந்நிபந்தனைகளுக்குச் சோதனை வந்தது. 1918இன் பெருங்காய்ச்சல் உலகெங்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. அவ்வாண்டு ஜூன் திங்களில் பம்பாயில் தோன்றி, நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அது மாய்த்தது. நோயின் காரணம் அன்று எவருக்கும் தெரியாது. 1892இல் ஜெர்மானிய அறிஞர் பைஃபர் கண்ட ஒரு பாக்டீரியாவே காரணம் என்று பலர் நம்பினர். அதனையும் வேறு பல பாக்டீரியாக்களையும் கொன்று கலந்து அமெரிக்காவில் வகைவகையாக ஊசிமருந்துகள் செய்யப்பட்டன. போட்டவர்களுள் நோயுற்றோர் மிகக் குறைவு என்று நற்செய்திகள் குவிந்தன.

அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடத் தலைவர் ஜார்ஜ் மக்காய் இதனை ஐயுற்றார். கலிபோர்னியாவில் ஒரு மனநோய் மருத்துவமனையில், ரோஸநவ் என்பார் செய்த ஊசியை ஒவ்வொரு கூடத்திலும் 41 வயதிற்குட்பட்டோருள் ஒருவர் விட்டு ஒருவருக்குப் போடச் செய்தார். உண்பதும் உறங்குவதும் ஒரே இடத்தில். நோய் நுழைந்தபோது இரு சாராரும் அதற்கு ஒரே வகையில் இலக்காயினர். ஊசியினால் எவ்விதக் காப்பும் விளையவில்லை என்பது தெளிவாயிற்று. அங்ஙனமாயின் முந்தைய நற்செய்திகள்? ஊரில் நோய் உச்சம் தாண்டிய பின்னரே பல இடங்களில் ஊசி போடப்பட்டிருந்தது. எளிதில் நோயுறக் கூடியவர்கள் முன்னமே நோயுற்றுவிட்டனர். எஞ்சியோருக்கு ஊசி போட்டு, நோயுறாமையை ஊசியின் கணக்கில் எழுதிக் கொண்டனர்!

மெய்யான ஊசி பிறந்தது

1933இல் இலண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர், கீரியையொத்த 'பெரட்' என்னும் சிறு பிராணிகளின் துணைகொண்டு, புளூவின் காரணம் பாக்டீரியாவினும் மிக நுண்ணிய 'வைரஸ்' என்று கண்டனர். அவ்வைரஸைக் கோழி முட்டையில் வளர்க்கும் வழியும் விரைவில் கிட்டியது. அமெரிக்காவில் தாமஸ் பிரான்சிஸ், ஜோனஸ் ஸால்க் முதலியோர் செயலிழந்த வைரஸைக் கொண்டு ஊசி செய்து, 1943இல் இளம் படைவீரரிடம் சோதித்து வெற்றி கண்டனர். 1945இல் படையினருக்கும் 1946இல் பொதுமக்களுக்கும் அது வழங்கப்பட்டது. ஆனால் 1947இல் ஊசி பயனற்றுப் போயிற்று. வைரஸ் தன் உருவை மாற்றிக் கொண்டிருந்தது. இதனாலேயே உலகெங்கும் அதன் மாற்றங்களைக் கண்காணிக்கும் அமைப்பை 1952இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்படுத்தியது. ஊசியை ஆண்டுதோறும் புதுப்பித்துப் போட வேண்டிய காரணமும் இதுவே.

1957இல் பரவிய 'ஆசியக் காய்ச்சல்' முதியோரையும் நாட்பட்ட நோயாளரையும் பெருமளவில் பலி கொண்டது. அதனையடுத்து 1960இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி, 65 வயதினைக் கடந்தோர் ஆண்டுதோறும் ஊசி போட்டுக் கொள்ள வேண்டுமெனப் பரிந்துரைத்தார். நோக்கம் நன்று. ஆயின் இளம் வீரரிடம் கண்ட பயன் முதியவரிடமும் அதே அளவில் விளையுமா என்று தக்கவாறு சோதிக்கப்படவில்லை. பரிந்துரை வந்துவிட்ட பின்னரோ, முதியோருள் ஒரு சாராருக்கு ஊசியை மறுத்துச் சோதிப்பது அறமாகுமா என்னும் தயக்கமும் சேர்ந்து கொண்டது. ஆதலின் தாமே விரும்பிப் போட்டவரையும் போடாதவரையும் ஒப்பிடும் கணக்குகளே பெருகின. 2007இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, பத்து குளிர்காலக் கணக்குகளைத் தொகுத்து, ஊசி போட்ட முதியோரிடம் மரணம் 48 விழுக்காடு குறைவு என்றது. ஓர் ஊசி மரணத்தைப் பாதியாக்குமெனில் அதனினும் பெரும் பேறு யாது?

பருவத்திற்கு முன்னரே பயன்!

ஆனால் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரைச் சார்ந்த அறிஞர்கள் வேறொரு வினாவை எழுப்பியிருந்தனர். 65 வயதைக் கடந்த 72,527 பேரின் எட்டாண்டுக் கணக்கை எடுத்து, புளூ பரவும் காலத்தை மட்டுமன்றி, அது பரவுவதற்கு முன்னுள்ள காலத்தையும் பின்னுள்ள காலத்தையும் பிரித்து நோக்கினர். 2006இல் வெளிவந்த முடிவு வியப்பிற்குரியது. ஊசி போடாதாரின் மரண வாய்ப்பை 100 என்று கொண்டால், போட்டவரது வாய்ப்பு புளூக் காலத்தில் 56. அது முடிந்தபின் 74. புளூ வருவதற்கு முன்னரோ வெறும் 39!

ஊசியினால்தான் இக்காப்பு என்றால், புளூ பரவும் காலத்திலேயே வேறுபாடு மிகுதியாயிருத்தல் வேண்டும். நோய் வராத காலத்தில் அந்த ஊசி எதனிடமிருந்து காத்தது? உண்மை யாதெனில், மருத்துவமனைக்கு நடந்து வந்து ஊசி போட்டுக் கொள்பவர் நடமாட வலிவுள்ளவர். தம் நலத்தில் கருத்துள்ளவர். அழைத்து வரப் பிள்ளைகளும் உடையவர். படுத்த படுக்கையாய் இறுதி நாட்களை எண்ணிக் கொண்டிருக்கும் முதியவருக்கு எவரும் புளூ ஊசி போட விரைவதில்லை. ஊசி போடும் முன்னரே இரு சாராரும் ஒத்தவரல்லர்.

இதனோடு மற்றொரு கணக்கும் சேர்ந்தது. அமெரிக்க முதியோருள் ஊசி போட்டுக் கொண்டோர் 1980க்கு முன் 15 முதல் 20 விழுக்காடு; 2001இல் 65 விழுக்காடு. அதற்கேற்ப முதியோரின் குளிர்கால மரணம் குறையவில்லை. மேலும் குளிர்காலத்தில் நேரும் முதியோர் மரணங்களுள் புளூவினால் வருபவை பத்தில் ஒரு பங்கை மிஞ்சுவதில்லை என்று 2005இல் கணக்கிட்டுக் காட்டினர். பத்தில் ஒரு பங்கைத் தடுக்கக் கூடிய ஊசி, பாதி மரணத்தைத் தடுத்தது என்பது எவ்வாறு பொருந்தும்?

கொரோனாக் காலத்துப் புகழ்

இவ்வரலாற்றை அறிந்தபின் கொரோனாக் காலத்துச் செய்திகளுக்கு வருவோம். பிரேசில் நாட்டில் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட கொரோனா நோயாளரின் கணக்கை ஆய்ந்தவர்கள், அண்மையில் புளூ ஊசி போட்டிருந்தோரிடம் மரண வாய்ப்பு 16 விழுக்காடு குறைவு என்றனர். அமெரிக்காவில் மாவட்ட வாரியாக ஆய்ந்தோர், முதியோருள் ஊசி போட்டவர் விகிதம் 10 விழுக்காடு கூடிய இடங்களில் கொரோனா மரணம் 5 விழுக்காடு குறைவு எனக் கண்டனர். இதற்கு விளக்கமும் தரப்பட்டது. ஒரு நோய்க்கெனப் போட்ட ஊசி உடலின் காவற்படையைப் பொதுவாகவே விழிப்புறச் செய்கிறது, அவ்விழிப்பு வேறு நோய்களையும் எதிர்க்கிறது என்பதே அது. நெதர்லாந்து அறிஞர் நெத்தேயாவும் அவர்தம் குழுவினரும் 'பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்' என்று இதனை அழைத்தனர்.

கருத்து பொருந்தக் கூடியதே, புறந்தள்ளத் தக்கதன்று. ஆனால் ஸியாட்டில் கேட்ட வினா இங்கும் நிற்கிறது. புளூ ஊசியைத் தேடிப் போட்டுக் கொண்ட முதியவர், கொரோனா வந்தபோது முகக்கவசமும் அணிந்திருப்பார். கூட்டத்தைத் தவிர்த்திருப்பார். மூச்சுத் திணறும் முன்னரே மருத்துவரை நாடியிருப்பார். ஊசி மிகுந்த மாவட்டத்தில் மருத்துவரும் செல்வமும் மிகுந்திருத்தல் கூடும். ஆய்வாளர் இவ்வேறுபாடுகளைக் கணக்கால் நேர் செய்ய முயன்றனர் எனினும், கணக்கில் வராதவற்றை நேர் செய்யும் வழி யாது?

அதற்கு ஒரே வழி, திருவுளச்சீட்டுப் போட்டாற்போல் ஆட்களைப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தையும் மறு சாராருக்கு மருந்தற்ற வெற்று ஊசியையும் தருவதே. காசநோய்க்கான பி.ஸி.ஜி. ஊசியைக் கொண்டு அவ்வாறே செய்தனர். அதுவும் பொது விழிப்பினால் கொரோனாவைத் தடுக்கும் என்று நம்பப்பட்டது. ஆஸ்திரேலியா, பிரேசில் முதலிய ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 4,000 மருத்துவப் பணியாளரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தது. பி.ஸி.ஜி. போட்டவருக்குக் கொரோனா குறையவில்லை. நம்பிக்கை சோதனைக் களத்தில் நிலைக்கவில்லை.

இத்தகைய சோதனை நமக்கும் புதிதன்று. அதே பி.ஸி.ஜி. ஊசியை, காசநோய்க்கெதிராக, 1968 முதல் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் வெற்று ஊசியோடு ஒப்பிட்டுப் பெருந்திரளான மக்களிடம் சோதித்தனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979இல் முடிவு வந்தபோது உலகே திகைத்தது. குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோய் வகைகளுக்கு அது காப்பளிப்பதால் இன்றளவும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ஊசியின் எல்லை எதுவெனத் தெரிந்ததால் ஊசிக்கு இழுக்கு நேரவில்லை. அதனை உரிய இடத்தில் வைக்கவே அது உதவியது.

கொரோனாக் காலத்துப் பழி

இனி மற்றைய செய்தி. புளூ ஊசி கொரோனாவை அழைக்கும் என்போர் காட்டிய சான்று, அமெரிக்கப் படைத்துறையைச் சார்ந்தோரிடம் 2017–18இல் நடத்தி 2020 ஜனவரியில் வெளியிட்ட ஓர் ஆய்வு. அது புதிய கொரோனா தோன்றுவதற்கு முன், சாதாரணச் சளியைத் தரும் பழைய கொரோனா வகைகளைப் பற்றியது. மூச்சு நோயுற்று வந்து சோதிக்கப்பட்டோருள், ஊசி போட்டவரிடம் அவ்வகை மிகுதியாய்க் காணப்பட்டது என்பதே அதன் கூற்று.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். இரண்டு ஊர்கள். இரண்டிலும் பத்துப் பேருக்குச் சளிக் கொரோனா, பத்துப் பேருக்கு வேறு சளி. ஊசி போடாத ஊரில் இருபது பேருக்குப் புளூ. ஊசி போட்ட ஊரில் பத்தே பேருக்குப் புளூ. முதல் ஊரில் நோயுற்றோர் நாற்பது. அவருள் கொரோனா பத்து, அதாவது கால் பங்கு. இரண்டாம் ஊரில் நோயுற்றோர் முப்பது; அவருள் கொரோனா பத்து, அதாவது மூன்றில் ஒரு பங்கு. நோயாளரை மட்டும் எண்ணுபவன் கண்ணுக்கு ஊசி போட்ட ஊரில் கொரோனா பெருகியது போல் தோன்றும். உண்மையில் கொரோனா ஒருவரிடமும் கூடவில்லை. புளூவே குறைந்தது! ஊசியின் வெற்றி ஊசியின் குற்றமாய்த் தோன்றிவிட்டது. கனடா நாட்டு ஆய்வாளர் 2020இல் தம் கணக்கைப் புளூ நோயாளரை நீக்கி ஒப்பிட்டபோது அத்தொடர்பு மறைந்தது.

ஆக, புகழும் பழியும் ஒரே வேரிலிருந்தே கிளைத்தன. ஒவ்வாதாரை ஒப்பிட்டதே அவ்வேர்.

ஊசியின் மெய்யான பயன்

அவ்வாறாயின் முதியோருக்குப் புளூ ஊசி வேண்டாவோ எனின், அன்று. திருவுளச்சீட்டு முறையிற் சோதித்து அறிந்த பயன்களும் உள்ளன. 1994இல் நெதர்லாந்தில் 60 வயதைக் கடந்த 1,838 பேரிடம் நடந்த சோதனை, ஊசி புளூவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது எனக் காட்டியது. 2021இல் வெளிவந்த மற்றொரு சோதனை இன்னும் கருதத்தக்கது. பெரும்பாலும் மாரடைப்புற்று மருத்துவமனையிற் சேர்ந்தவரான 2,571 பேரை எட்டு நாடுகளில் இரு சாராராகப் பிரித்தனர். ஓராண்டிற்குள் மாண்டோர், வெற்று ஊசி பெற்றவருள் நூற்றுக்கு 4.9, புளூ ஊசி பெற்றவருள் 2.9. புளூக் காய்ச்சல் நலிந்த இருதயத்தை மேலும் வருத்தும் என்பதால் இப்பயன் விளைந்திருத்தல் கூடும். கொரோனாப் பரவலின் காரணமாக இச்சோதனை குறித்த அளவை எட்டுமுன்னரே நிறுத்தப்பட்டது என்பதும் கருதற்பாலது.

இவற்றால் நாம் கொள்ளத் தக்கது இதுவே. புளூ ஊசி புளூவிற்கானது. மூப்பினாலும், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய்களாலும் நலிந்த பெரியோருக்கு, அவர்தம் மருத்துவரைக் கலந்து ஆண்டுதோறும் அதனைப் போடுவது தக்கதாகும். கொரோனாவிற்கு எனச் சோதிக்கப்பட்ட ஊசிகள் தனியே உள்ளன. புளூ ஊசி போட்டாயிற்று, கொரோனாவைப் பற்றி இனிக் கவலையில்லை என்று எவரும் இருந்துவிடலாகாது. புளூ ஊசியால் கொரோனா வரும் என்றஞ்சி அதனை மறுக்கவும் தேவையில்லை.

மருந்தினைப் பற்றி மிகைப்படப் புகழ்ந்துரைப்போர் அதற்கு நன்மை செய்வதாக எண்ணுகின்றனர். பாதி மரணத்தைத் தடுக்கும் என்று கூறிப் பின் அவ்வளவில்லை என்று தெரியவரும்போது, மெய்யாகவே தரும் பயனையும் மக்கள் நம்ப மறுப்பர். அந்நம்பிக்கைக் குலைவின் விலையை முதலில் கொடுப்பவர் வீட்டிலுள்ள முதியோரே. இனி ஒருவர் வந்து, இதைப் போட்டவர் பிழைத்தார், போடாதவர் மாண்டார் என்று கூறுவாராயின், நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. அவ்விருவரும் முன்னரே ஒத்தவராயிருந்தனரா? இவ்வினாவைக் கேட்கும் பழக்கம் நம் இல்லங்களில் வேரூன்றுமாயின், நம் பெரியோருக்கு எதைத் தருவது, எதைத் தவிர்ப்பது என்பதை அச்சமின்றி முடிவு செய்ய நம்மால் இயலும்.